திரும்பி வருவதற்கு அத்தாட்சி

ஜெயவேலுக்குக் கல்யாணம் ஆனதே விசாவுக்காகத்தான். ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் இது எல்லோருக்கும் தெரியும். பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது மணப்பெண் அபிதகுசாம்பாளுக்கு மட்டும்.

அது எண்பத்து நாலாம் வருஷம். பாலிடெக்னிக் முடித்த ஜெயவேலு, மேற்கு ஜெர்மனிக்குப் போய் ஆறு மாதம் ஜெர்மன் மொழி படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாஷை எதற்கு என்று கேட்டவர்களை முறைத்தான். முன்பெல்லாம் டிக்கெட் எடுத்தால் போதுமாம். இப்போது விசா வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதன் சட்டதிட்டங்களை வேலூர் ஏஜென்ட் ராஜவேலுதான் வந்து விளக்கினான்.

"படிக்க மட்டும்தான் விடுவான். வேலை செய்யக்கூடாது. கோர்ஸ் முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பிடணும். அங்க போயி விசாவ மாத்திக்கிறேன்னா நடக்காது. திரும்பி வருவேன்னு இங்கியே அவனுக்கு நம்பிக்கை வரணும். ஒண்டிக்கட்டய எவன் நம்புவான், சொல்லுங்க?"

ஜெயவேலின் அப்பா வீரபாகு கெட்டிக்காரர். மறுவாரமே முள்ளிப்பட்டில் பெண் பார்த்தார். தகப்பன் இல்லாத பெண். கேள்வி கேட்க ஆள் இல்லை. ஆனி மாதம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது.

தறி ஓடுகிற வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பேசினால் காதில் விழாது. அன்று ஜெயவேலும் ராஜவேலும் தறிக்குப் பக்கத்தில் நின்று அப்படித்தான் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இழை அறுந்து வீரபாகு சட்டென்று தறியை நிறுத்த, பிள்ளையாண்டானின் குரல் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது.

"ஒருவாட்டி போயிட்டா எவன்டா திரும்பி வருவான்!"

"அந்தப் பொண்ணு?"

"அவ இங்கியே இருப்பா. அதுக்குத்தானே கட்டினது."

அடுப்படியில் நின்றிருந்த அபிதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் பிறகு வந்தது. போனவன் வராவிட்டால், கழுத்தில் தாலியோடு அந்த வீட்டிலேயே கிடந்து நூல் இழைத்துக் காலம் தள்ள வேண்டியதுதான். வாழாவெட்டி என்றும் சொல்ல மாட்டார்கள், வாழ்கிறாள் என்றும் சொல்ல மாட்டார்கள். வீரபாகு ஒன்றும் காதில் விழாதவர்போல அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். அவரும் கூட்டு என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

ஆடி பிறக்கப் போகிறது என்று அம்மா கன்னியம்மாள் தாம்பாளத்தோடு வந்து பெண்ணை அழைத்துப் போனாள். ஆடியில் புது ஜோடி சேர்ந்திருக்கக் கூடாது, சித்திரையில் பிள்ளை பிறந்துவிடும். அம்மாவிடம் அபிதா எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியம்மாள் அழுதுவிட்டு, "மாப்ள போவாம இருந்துட்டா சரியாப்பூடும்" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மெட்ராஸ் ஜெர்மன் தூதரகத்தில் விசா நேர்முகத்துக்குத் தேதி வந்ததோ ஆடியிலேயே. பொண்டாட்டியையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். ராஜவேலு மெட்ராஸ் பஸ்ஸில் வழியெல்லாம் பாடம் எடுத்தான்: "ஒரே ஊட்ல இருக்கோம், சேவூர்ல இருக்கோம். இத மட்டும் சொல்லு, போதும்." நிஜத்தில் அவள் முள்ளிப்பட்டில் இருந்ததை அவர்கள் யாரும் பொருட்டாக நினைக்கவில்லை. ஆடி என்றால் அப்படித்தானே!

தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். ஜெயவேலு சிரித்த முகத்தோடு வெளியே வந்தான். அபிதா உள்ளே போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா.

"நீங்களும் கணவரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"நான் முள்ளிப்பட்டுல இருக்கேங்க. எங்கம்மா ஊட்ல."

அந்த அம்மா உடனே மொழிபெயர்க்கவில்லை. அபிதாவின் கழுத்தில் மஞ்சள் குறையாத கயிற்றைப் பார்த்தாள். "ஆடிக்கு வந்திருக்கீங்களாம்மா?" என்று பரிவாகக் கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த அம்மாவே வழக்கத்தை எடுத்துச் சொல்லியிருப்பாள், வெள்ளைக்காரரும் தலையாட்டியிருப்பார். தறி நின்றபோது கேட்ட குரல் அபிதாவின் காதிலேயே இருந்தது.

"இல்லீங்க," என்றாள்.

"அப்போ எப்ப அவர் வீட்டுக்குப் போவீங்க?"

"தெரியாதுங்க."

சாயங்காலம் விசா இல்லாமல் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். "சேர்ந்திருக்கோம்னு நீங்க சொல்றீங்க. தனியா இருக்கேன்னு அவங்க சொல்றாங்க. ஆடிக்கான்னு நானே கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. நான் என்னப்பா பண்றது?" என்றாள் அந்த அம்மா. ராஜவேலு தலையில் அடித்துக்கொண்டு எங்கோ நழுவிவிட்டான்.

ஜெயவேலு கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காஞ்சிபுரத்தில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் வாழைப்பழம் வாங்கி வந்து, "சாப்பிடு" என்றான். அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பாதி ஆடி இருக்கிறது, அம்மா வீட்டில் இருக்கும்போதே இவன் கோபம் தணிந்துவிடும், ஊரோடு தங்கிவிடுவான், ஆவணியில் நல்லபடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முள்ளிப்பட்டு டவுன் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அபிதா அதை நோக்கி இரண்டடி வைத்தாள். அவள் தோளிலிருந்த பையை ஜெயவேலு பின்னாலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டான்.

"ஊட்டுக்குப் போலாம் வா. நைனா காத்துகினு இருப்பாரு."

"ஆடி இன்னும் முடியலீங்களே."

"ஆடிக்கு வரலன்னு நீயே சொல்லிட்டியே. அப்புறம் அம்மா ஊட்ல உனக்கு இன்னா வேலை?"

கண்டக்டர் விசில் அடித்தான். ஜெயவேலு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சேவூர்ப் பக்கம் நடந்தான்.