பெவன் பூங்காவில் கயிறு இழுப்பவர்கள்

சென்ட் லோரன்டில் உள்ள பெவன் பூங்காவில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் நடக்கும் கயிறு இழுத்தல் போட்டியில் ஒரு பக்கம் உயிரோடு இருப்பவர்களும் மறுபக்கம் இறந்தவர்களும் இழுக்கிறார்கள். இதுவரை இறந்தவர்களே வென்றிருக்கிறார்கள். பங்கு மக்களின் விளையாட்டு விழாவில் இந்தப் போட்டி, தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வருகிறது.

பூங்காவை உண்டாக்கியவர்கள் வேல்ஸ் நாட்டுக்காரர். வீடுகளுக்குக் கற்பலகைக் கூரை போட வந்தவர்கள். சதுப்பு நிலமொன்றை வாங்கி, மண் கொட்டி, மேப்பிள் மரம் நட்டு, பிள்ளைகளை ஓடியாட விட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் தாங்களும் வந்து கயிறு இழுத்தார்கள். பிறகு கூரைக்குத் தகரம் வந்தது, வேலை போனது, ஆட்களும் திக்குத் திக்காகப் போனார்கள். பூங்கா நகரசபையின் கைக்கு வந்தது. குளிர்காலத்தில் நீர் பாய்ச்சிச் சறுக்குத் திடலாக்கினார்கள். ஒருமுறை வாகனத் தரிப்பிடமாக்கவும் பார்த்தார்கள். ஊற்றிய தார் விடிவதற்குள் வடக்குப் பக்கமாக இழுபட்டுப் பாய் மாதிரிச் சுருண்டு கிடந்ததால் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். நாய்கள் இன்றைக்கும் வடக்குப் பாதியைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

நம்மவர்கள் தொண்ணூறுகளில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். முதல் விழாவன்று கத்தரின் என்ற வேல்ஸ் கிழவி மரத்தடியில் தனியே நின்று ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆட்களில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். கயிறு விறைப்பாக நின்றது. மறுநுனியில் ஒருவரும் இல்லை. வேறு யாராவது என்றால் பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நம்முடைய ஆட்களுக்குக் கயிறு இழுக்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வராது. “கிழவி தனிய நிண்டு இழுக்குது, வந்து பிடியுங்கோ” என்று சொல்லிக்கொண்டே அருமைநாதன் ஓடிப்போய், கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். அப்படியும் இந்தப் பக்கம்தான் இழுபட்டது. நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது கத்தரின் கயிற்றை விட்டாள். விடச் சொல்லி மற்றவர்களுக்கும் கை காட்டினாள். பிறகு வியர்வையைத் துடைத்தபடி, பிரெஞ்சில் நன்றியாக, மெர்சி என்றாள். அப்படித்தான் உயிரோடு இருக்கும் பக்கம் நம்முடையதாயிற்று. கோட்டைத் தாண்டிப் பார்க்கும் ஆசை அதன் பிறகும் ஒருவருக்கும் வரவில்லை. கத்தரின் இறந்த அடுத்த வருடம் மறுபக்கத்து இழுவை ஒரு கிழவியின் அளவுக்குக் கூடியிருந்தது. “அவவும் அங்கால சேந்திட்டா” என்றார் அருமைநாதன். பேச்சு அதோடு முடிந்தது.

அருமைநாதன் துறைமுகத்தில் லொறி ஓட்டியவர். பாரம் தூக்கித் தூக்கிக் கீழ்முதுகு, அதுதான் நாரி, பழுதாகிப்போன மனிதர், ஆனாலும் கடைசி இடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். விசில் ஊதுமுன் கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவார். முன்னால் நிற்பவர்கள் ஆயத்தமா என்று கேட்கிறாராம். உண்மையில், ஓரத்தில் நிற்கும் மனைவி அஞ்சலீனா தன்னைப் பார்க்கிறாளா என்று அறியத்தான். ஒரு மாசி மாதம் லொறிக்குள் இருந்தபடியே நெஞ்சு நின்று போனார். அந்த ஓகஸ்டில், விசிலுக்கு முன்பு, மறுபக்கத்திலிருந்து கயிறு இரண்டு தரம் ஆடியது.

அஞ்சலீனா அப்போது அழவில்லை. கோட்டைத் தாண்டி இழுபட்டு வருபவர் இந்தப் பக்கத்து ஆள். ஒரேயொரு தடவை வென்றால் மனுசன் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆள் பிடித்தாள். பண்டகசாலையில் வேலை செய்யும் கரப்பந்தாட்டக்காரர், சைவக் கோயிலைச் சேர்ந்த பேரின்பநாதன் தன்னுடைய ஆட்களோடு, அவள் ஏறும் பஸ்ஸின் பிரெஞ்சுச் சாரதி என்று எல்லாரும் வரச் சம்மதித்தார்கள். தொலைபேசியிலிருந்து தலை நிமிராத பெடியளைக் கொத்துரொட்டி ஆசை காட்டி இழுத்தாள். விளையாட்டுக்குப் பொறுப்பான மைக்கல்தான் கொஞ்சம் யோசித்தான்.

“அத்தானுக்கு முன்னால அவ்வளவு வெள்ளையளும் நிக்கினம் அக்கா. அவையும் வந்து சேந்தா எங்க படுக்க விடுறது?”

“அதைப் பேந்து பாப்பம்” என்றாள்.

அடுத்த ஓகஸ்டில் விசில் ஊதியபோது அஞ்சலீனா கடைசி ஆளாக, இடுப்பில் கயிற்றோடு நின்றாள். கயிறு முதன்முறையாக இந்தப் பக்கம் நகர்ந்தது. எதிர்ப்புறப் புல்லைக் கிழித்துக்கொண்டு குதிக்கால் தடங்கள் சோடி சோடியாக வந்தன. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அது இந்தப் பக்கத்து மூச்சு அல்ல. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மறுபக்கத்தில் முன்னால் நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் தாண்டிப் பார்க்க ஆசை இல்லைப் போலும். இடுப்பில் சுற்றிக்கொண்ட கடைசி ஆளால் மட்டும் விட முடியவில்லை. ஒரேயொரு சோடித் தடம் தனியாக, ஆழமாக மண்ணை உழுதபடி கோட்டுக்குக் கிட்ட வந்து ஊன்றி நின்றது. கயிறு நடுங்கத் தொடங்கியது. நாரி பிடித்துக்கொண்டால் அவர் பிடித்த கயிறு அப்படித்தான் நடுங்கும். அத்தனை பேரையும் எதிர்த்துத் தனியே, அந்த நாரியோடு, வரமாட்டேன் என்று நின்றார்.

“இன்னும் ஒரு இழுவைதான் அக்கா” என்றான் மைக்கல்.

அஞ்சலீனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, “போதும், இழுக்காதேங்கோ” என்றாள். “ஒரேயடியா விட்டிடாதேங்கோ, விழுந்திடுவார். அவருக்கு நாரி ஏலாது. மெல்ல மெல்ல விடுங்கோ.”

கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி விட்டார்கள். தடங்கள் பின்னோக்கிப் போயின. வழியில் மற்றத் தடங்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. அடுத்த கிழமை நகரசபை ஆட்கள் வந்து புல் விதைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஒவ்வொரு ஓகஸ்டிலும் நம்முடைய பக்கம் தோற்கிறது. மெல்ல விட்டுத் தோற்பதுதான் வழக்கம். புதிதாக வரும் பெடியளுக்கும் அதைத்தான் பழக்குகிறார்கள். கயிறு அடங்கியதும் மறுபக்கத்திலிருந்து இரண்டு தரம் ஆடும். இந்த நுனியில் நிற்கும் அஞ்சலீனா இடுப்புச் சுற்றை அவிழ்த்தபடி, “ஓம், ஓம், நீங்கள்தான் வெண்டது” என்பாள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போவார்கள்.