ஒருத்திக்கு என்னத்தைச் சமைப்பது

விவாகரத்து முடிந்ததும் ஸ்ரீரஞ்சனி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு விருத்தாசலம் வந்துவிட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் ஒரு வீடு. அம்மா கும்பகோணத்தில் அண்ணனோடு இருந்தாள்.

வந்த புதிதில் சமைக்கத்தான் செய்தாள். ஒருத்திக்கென்று வைத்த சாம்பார் மூன்றாம் நாளும் மிஞ்சியது. பிறகு காலையில் கப் நூடுல்ஸ், மத்தியானம் கிரீம் பிஸ்கட்டும் பாட்டில் ஜூஸும், ராத்திரி சிப்ஸ் என்று ஆகிவிட்டது. போனைப் பார்த்துக்கொண்டே தின்பாள். பாக்கெட் காலியானால் கை தானாக இன்னொன்றைப் பிரிக்கும். போதும் என்று வயிறு சொல்வதே இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியபோது தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் வாசற்படிவரை ஏறியது. மழை விட்டதும் குப்பை வண்டி ஓட்டும் மாரியம்மாள் கம்பியோடு வந்து குனிந்து இழுத்தாள். சகதியோடு கொத்துக் கொத்தாக வந்தவை சிப்ஸ் உறைகளும் நூடுல்ஸ் கப்புகளும்தான். எந்த வருஷத்து உறையோ, நிறம்கூட மங்கவில்லை.

“எடுக்காம வுட்டா இதெல்லாம் மணிமுத்தாத்துல போய்ச் சேருது மேடம்.”

ஸ்ரீரஞ்சனி அவள் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

“தப்பா நெனைக்காதீங்க. உங்க வூட்டுலேந்து மக்குற குப்பையே வர்றதில்லியே. ஒரு காய்த்தோலு, ஒரு வெங்காயச் சருகு கூட இல்ல. சமைக்கிறதில்லீங்களா?”

“ஒருத்திக்கு என்னத்தச் சமைக்கறது, மாரிம்மா?”

மாரியம்மாள் கையை உதறினாள். “நானும் ஒண்டிதாங்க. விடியங்காட்டியும் வண்டி எடுக்கணும். டீயும் பாக்கெட்டு கேக்கும்தான். அதுலயே சுகரு வந்துடுச்சு.”

அந்த வாரமே அலுவலகப் படியில் ஸ்ரீரஞ்சனிக்குக் கண் இருட்டியது. ரத்தத்தில் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொல்லச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. அடுப்பு மூட்டிச் செய்தது அதில் எதுவுமே இல்லை.

“மாத்திரை தரேன். ஆனா முதல்ல பாக்கெட்டை நிறுத்துங்க,” என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை சீக்கிரமே எழுந்து அரைக்கீரை மசித்தாள், கொஞ்சம் கூட்டும் செய்தாள். இரண்டு டிபன் பாக்ஸில் அடைத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டியில் வந்தது வேறு ஆள்.

“மாரியம்மாவ ஜங்ஷன் பக்கம் மாத்திட்டாங்க மேடம்.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் தெருத்தெருவாகச் சுற்றினாள். மாரியம்மாளைக் காணவில்லை. அவள் போன் நம்பரைக்கூட வாங்கி வைத்திருக்கவில்லை. இத்தனை நாளாக வாசலில் வந்து நின்று பேசிய ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. மத்தியானம் ஒரு டப்பாவை மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மற்றது இரவுக்கு ஆயிற்று.

தை பிறந்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

“வீட்டுல யாராவது வந்திருக்காங்களா, சமைச்சுப் போட?”

“இல்ல டாக்டர், நானேதான்,” என்றாள்.

வீடு திரும்பி விளக்கைப் போட்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்தாள். குக்கர் சத்தம் வரும்வரை அடுப்படியிலேயே நின்றிருந்தாள்.