மொலேஃபி விற்க மறுத்த புத்தகம்

1

இந்தக் கதை என் குற்ற உணர்ச்சியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மசேருவில், தேவாலயப் பாட்டுக்குழுவின் தலைவர் தன் மகளோடு இருக்க எல்லை தாண்டிப் புளும்ஃபான்டைன் நகருக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, போட்டிப் பாட்டு, ஐந்து கோட்டின்மேல் புள்ளி புள்ளியாக இசை எழுதிய தாளில் மட்டும் வந்து சேர்ந்தது. நாங்களோ தோ ரே மி என்று சுரங்களை எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் பாடுகிறவர்கள். “யாருக்காவது இந்தக் கோடு படிக்க வருமா?” என்று கேட்டார்கள்.

“எனக்கு வரும்” என்றாள் எங்களோடு பாடும் லினேயோ.

வராது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். தாளை அவள் தலைகீழாகப் பிடித்திருந்தாள். [இல்லை, நேராகத்தான் பிடித்திருந்தாள். கதைக்காகக் கூட்டுகிறேன்.] ஆனாலும் முதலில் கைதட்டியவள் நான். தட்டாவிட்டால் அடுத்து என்னைக் கேட்டிருப்பார்கள். குழு அப்படியே அவளைத் தலைவியாக்கிவிட்டது.

2

“ஜீன்ஸ் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் லினேயோவின் கண்ணுக்கு ஒரு நூல் பிசகினாலும்...”

வேண்டாம், ரொம்ப அலங்காரம். நேரே கடைக்கே போவோம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மொலேஃபியின் பழைய புத்தகக் கடை. மொலேஃபி எங்கள் எதிரணிக் குழுவின் தலைவர். அவரிடம் போய் இசை அரிச்சுவடி வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் லினேயோ கெத்தாக, இசை கற்றவர்களுக்கான நானூறு பக்கத் தடிப் புத்தகத்தை எடுத்தாள்.

“இதெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி, ம்மே” என்றார் மொலேஃபி. எங்கள் ஊரில் ம்மே என்றால் அம்மா, ந்தாதே என்றால் ஐயா.

வீட்டில் பிரித்தால் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. எங்கள் எழுத்துத் தாள்களில் தோ எங்கே என்று மேல் மூலையிலேயே போட்டிருக்கும். இதில் காணோம். சரி, கீழ்க்கோடுதான் தோ என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். [சிரிக்காதீர்கள். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.] அந்தக் கணக்கில் போட்டிப் பாட்டில் இரண்டு பக்கம் எங்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். கல்யாணப் பாட்டான அது இழவு வீட்டுப் பாட்டாகக் கேட்டது.

3

மறுபடியும் கடை.

“அந்த யானைப் படம் போட்ட அரிச்சுவடியக் குடுங்க, ந்தாதே. என் தங்கச்சி பொண்ணுக்கு.”

“அது விக்கிறதுக்கில்ல, ம்மே.”

“விக்காம? அழகு பாக்கவா வச்சிருக்கீங்க?”

“வேற எது வேணாலும் எடுத்துக்கோங்க. அத மட்டும் விட்ருங்க.”

விடுகிற ஆளா அவள்! எட்டி எடுத்துப் பிரித்துவிட்டாள். பதினாலாம் பக்கம் வரை பயிற்சிகளுக்குப் பென்சிலில் விடை எழுதியிருந்தது.

“இது நீங்க விலை எழுதுற அதே கையெழுத்தாச்சே?”

மொலேஃபி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எங்களுக்கும் அதே தாள்தான் வந்திருக்கு. படிக்க வரும்னு நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.”

[இதைக் காதல் கதையாக்கப் பேனா துடித்தது. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இருவருக்கும் வீட்டில் ஆள் உண்டு. அடக்கிவிட்டேன்.]

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கீழ்க்கோடுதானே தோ?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு பக்கம் சொல்லிக்கூடக் குடுத்துட்டேன். ஆறாம் பக்கம் பாருங்க... இல்லையாம்.”

லினேயோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அந்தப் புத்தக வியாபாரி புத்தகத்தை முதுகோடு கிழித்து, முதல் பதினாலு பக்கத்தை அவளிடம் நீட்டினார்.

“இது நான் முடிச்சாச்சு. விடைய மட்டும் நம்பிடாதீங்க.”

4

முடிவு ஒன்று: எங்களுக்கே கோப்பை. (பொய்.)

முடிவு இரண்டு: இரண்டு குழுவும் ஒரே தப்பைப் பாட, நடுவர்கள் அதையே சரியென்று... (அழகுதான், ஆனால் அவள் உண்மையைச் சொல்லாமலே தப்பித்துவிடுகிறாள்.)

நான் பார்த்தது வியாழக்கிழமைப் பயிற்சியைத்தான். லினேயோ எங்கள் முன்னால் நின்றாள். கையில் அந்தக் கிழிந்த பதினாலு பக்கம்.

“நான் பொய் சொன்னேன். எனக்குக் கோடு படிக்கத் தெரியாது. சொல்லிக்குடுத்ததும் தப்பு. இப்பதான் ஆறு பக்கம் படிச்சிருக்கேன், போட்டிக்கு மூணு வாரம் இருக்கு. வேற ஆள வைக்கிறதுன்னா இப்பவே வச்சிடுங்க.”

முன்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “இவளே இருக்கட்டுங்கிறவங்க கையத் தூக்குங்க.”

நான் தூக்கிவிட்டேன். மற்ற முப்பது பேரை நான் திரும்பிப் பார்க்கவில்லை, எண்ணவும் போவதில்லை. இவ்வளவு தூரம் வந்த நீங்களும் எங்களோடு அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள். உங்கள் கை எழுகிறதா என்று லினேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.