வாங்குகிறவன் கை

எத்திராஜ் கோயில் வாசலில்கூடச் சொன்ன விலைக்குப் பூ வாங்கியதில்லை. வாணியம்பாடிப் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகு பார்த்த குடும்பம் அவனுடையது. துண்டுக்கு அடியில் கைவிட்டு, எத்தனை விரலோ அத்தனை என்று எதிராளியின் விரலைப் பிடித்தே விலை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் இருவரும் மழையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். பெங்களூர் ஈஜிபுராவுக்குக் குடிவந்து, மாட்டை விட்டு நாய் வியாபாரத்துக்கு மாறிய பிறகும் அந்தத் துண்டு அவன் தோளை விட்டு இறங்கவில்லை.

செல்போன் விளம்பரம் ஒன்றில் சப்பை மூக்கு நாய் ஒரு பையன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்த காலம். பெங்களூரின் ஐ.டி.க்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பக் நாய்மேல் ஆசை பிறந்தது. எத்திராஜிடம் இருந்ததோ ஒரே ஒரு பெண் பக். பேக்கரி பன் மாதிரி உப்பிய முகம் என்பதால் அதன் பெயர் பன்னு. குட்டி கண் திறப்பதற்குள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். பன்னு இணை தேடுகிற ஒரு பருவத்தையும், ஒரு ஹீட்டையும், அவன் வீணாக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு ஈத்து. பக் குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு சிறிது, இரண்டுமே சிசேரியன். தையல் ஆறி முடி வளர்வதற்குள் மூன்றாவதற்கும் ஆண் நாயைச் சேர்த்துவிட்டான்.

"வருஷத்துக்கு ரெண்டு தீபாவளிடி நமக்கு," என்பான் மனைவி தனலக்ஷ்மியிடம்.

"வெடிக்கப்போறது யார் வயிறுன்னு பாருங்க," என்பாள் அவள்.

மூன்றாவது பிரசவத்தன்று காலையிலிருந்து முக்கியும் குட்டி வரவில்லை. மதியத்துக்குள் பன்னுவின் ஈறு வெளுத்துவிட்டது. வழக்கமாக அறுத்துக் கொடுக்கிற டாக்டர் ஊரில் இல்லை. மிச்சமிருந்தது பொம்மனஹள்ளியில் டாக்டர் பிரிசில்லாவின் கிளினிக்.

அங்கே போவதற்குப் பதில் போலீஸ் ஸ்டேஷனுக்கே போகலாம் என்று இருந்தது எத்திராஜுக்கு. நாய் கிளப்புக்காக வீடு வீடாகப் போய்த் தாயையும் குட்டிகளையும் பார்த்துச் சான்று தருகிறவரும் அவர்தான். இடைவெளி விடாமல் ஈன வைத்தால், அசல் ஜாதிக் குட்டி என்கிற பேப்பரைக் கிளப் தராது. பேப்பர் இல்லாத குட்டியை ஐ.டி.க்காரர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் இரண்டாவது ஈத்தை ஒரு சிநேகிதனுடைய நாயின் கணக்கில் காட்டியிருந்தான்.

"வேற யாராவது..." என்று ஆட்டோவில் இழுத்தான்.

பன்னுவை மடியில் வைத்திருந்த தனலக்ஷ்மி திரும்பக்கூட இல்லை. "நீங்க வேணா இறங்கிக்குங்க. நாங்க ரெண்டு பேரும் போயிக்கிறோம்."

பிரிசில்லா கோலார் தங்கவயல்காரர். சுரங்கத் தொழிலாளியின் மகள். பன்னுவை மேஜையில் கிடத்தி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை சிசேரியன்?"

"ஒண்ணு, மேடம்."

"தையல் தடம் ரெண்டு இருக்கு. பொய்யாவது பார்த்துச் சொல்லுங்க, எத்திராஜ்." அவர் கையுறையைத் தேடினார். "உடனே திறக்கணும். கருப்பை நைஞ்சுபோயிருக்கும். குட்டிங்களோட அதையும் எடுத்துடுறேன். விட்டு வச்சா, அடுத்த தடவை உள்ளேயே கிழிஞ்சு செத்துப்போவா. சரின்னு சொல்லுங்க."

எத்திராஜின் நாக்கு அவனைக் கேட்காமலேயே கடையைத் திறந்துவிட்டது.

"அதை எடுக்க வேணாம் மேடம். இன்னும் மூணு ஈத்து தாங்குவா."

"ஒண்ணும் தாங்கமாட்டா."

"ரெண்டு. நல்லா கேப் விட்டே போடுறேன்."

"இல்ல."

"கடைசியா ஒண்ணு. சொல்ப, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம்."

சொல்லும்போதே தோள் துண்டு இறங்கிக் கையை மூடியிருந்தது. அந்தக் கை டாக்டரை நோக்கி நீண்டும் இருந்தது. தனலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரிசில்லா துண்டைப் பார்த்தார். தங்கவயலிலும் சந்தை உண்டு. துண்டுக்குள் கைவிட்டார்; ஆனால் விரலைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, துண்டோடு இழுத்து, பன்னுவின் வயிற்றில் வைத்தார்.

"இவளை யாரோ உங்ககிட்ட விக்க வந்திருக்கான்னு வச்சுக்குங்க. கையால பாருங்க. வாங்குவீங்களா?"

விற்கிறவன் கை வேறு, வாங்குகிறவன் கை வேறு. விற்கிறவன் கை மினுமினுப்பைத் தேடும். வாங்குகிறவன் கை பழுதைத் தேடும். பன்னுவை எத்திராஜ் இதுவரை விற்கிறவன் கையால்தான் தொட்டிருந்தான். துண்டுக்கு அடியில் கண் போகாத இடத்தில், விரல்கள் இப்போது தாமாகவே போயின. தொங்கிப்போன காம்புகள். கயிறுபோல இறுகிய இரண்டு தையல் தடங்கள், அவற்றுக்கு நடுவே காகிதம்போல மெலிந்த தோல். எண்ணக்கூடிய விலா எலும்பு. உள்ளே ஏதோ ஒன்று பலவீனமாக உதைத்தது. இப்படி ஒரு மாட்டைச் சந்தையில் யாராவது நீட்டியிருந்தால், 'என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா' என்று கேட்டுவிட்டு நடந்திருப்பான்.

மாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவனைப் பற்றி அவன் குடும்பத்தில் என்ன பேசுவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கையை உருவிக்கொண்டான். "எடுத்துடுங்க மேடம். இவ இருந்தாப் போதும்."

இரண்டு குட்டிகள் இறந்தே வந்தன. ஒன்று, பெண், பிழைத்தது. சாயங்காலம் பன்னு கண்ணைத் திறந்து, தனலக்ஷ்மியின் விரலை நக்கிவிட்டு, லாரிபோலக் குறட்டை விட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எத்திராஜுக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

"கிளப்புக்குச் சொல்வீங்களா மேடம்?"

"சொல்வேன்."

சொன்னார். இரண்டு வருஷம் எத்திராஜுக்குப் பேப்பர் கிடையாது என்றது கிளப். அவன் நாய்த் தீனி விற்றுக் காலம் தள்ளினான். ஆனால் குட்டி கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "யார்கிட்ட வாங்கினாலும் முதல்ல தாயைக் காட்டச் சொல்லுங்க. வயித்தைத் தொட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா பொம்மனஹள்ளி மேடத்தைக் கேளுங்க, என் நாயைக் காப்பாத்தினவங்க," என்பான். தன் பிழைப்பில் கைவைத்தவரை இப்படிப் புகழ்கிறானே என்று மற்ற வியாபாரிகளுக்கு அவன் புத்திமேலேயே சந்தேகம் வந்தது. பிழைத்த குட்டிக்குப் பிரிசில்லா என்றே பெயர் வைத்தான்.

"என் பேரையா நாய்க்கு வச்சீங்க?" என்றார் டாக்டர்.

"அதுக்கு மேல மரியாதை எங்க வீட்ல இல்ல மேடம்."

தடை முடிந்ததும், வளர்ந்துவிட்ட அந்தக் குட்டியைக் கூட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் முழுக்கச் சோதித்தார்.

"நல்லா இருக்கா. ஆனா வாழ்க்கைக்கே ரெண்டு ஈத்துதான். நடுவுல ஒரு வருஷமாவது ஓய்வு. ஒவ்வொரு தடவையும் முன்னாடியே எங்கிட்ட காட்டணும்."

எத்திராஜ் குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன, பேரம் காணோம்? காய்ச்சலா?"

துண்டு தோளிலிருந்து இறங்கியது. தனலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு ஜாஸ்தி மேடம்," என்று கையை நீட்டினான். "ஒண்ணுல முடிச்சுக்கலாமே."

பிரிசில்லா துண்டுக்குள் கைவிட்டு, அவனுடைய ஒரே ஒரு விரலைப் பிடித்தார். விலை முடிந்ததும் கையை எடுத்துவிடுவதுதான் சந்தை வழக்கம். எத்திராஜ் சிறிது நேரம் எடுக்கவில்லை.