சாம்பல் கோடு

விடிந்தும் விடியாத நேரத்தில் பூனை வண்டிக்குள் தாவி ஏறியபோது அதன் கால்களில் சாம்பல் ஒட்டியிருந்தது. ஜெயம்மாள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். களத்தின் நடுவே அம்பாரமாகக் குவித்திருந்த நெல்லின் அடிப்பக்கம், கை விட்டு அள்ளினாற்போலக் குழிந்திருந்தது. குவியலைச் சுற்றிப் போட்டிருந்த சாம்பல் கோடு அந்த இடத்தில் மட்டும் அழிந்து கிடந்தது.

பழைய சேலைத் துணியைத் தண்ணீரில் நனைத்து, பூனையின் கால்களை விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்த துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

அது வண்டியா வீடா என்று கேட்டால் இரண்டும்தான். அவள் புருஷன் வேதகிரி வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். ஓய்ந்த கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். செங்கல்பட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஊர் ஊரா ஓட்டிக்கினு போனேன், ஒரு ஊரையாவது எறங்கிப் பாத்தனா?" என்பார். ஜெயம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: மிளகும் கூட வரும். மிளகு வெள்ளைப் பூனை. மூக்கின் மேல் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மாதத்தில், மழையில் நனைந்துகொண்டு வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் பேச்சுக்கு 'உம்' கொட்டுவது அது ஒன்றுதான்.

வேதகிரிக்கும் அதற்கும் ஆகாது. வழியில் வாலாஜாபாத்தில் ஒரு மீன்காரியின் கூடையில் அது வாய் வைத்துவிட, சந்தையே கூடிச் சிரித்தது. "இன்னொரு வாட்டி பேஜார் பண்ணுச்சின்னா, எங்கனா மார்க்கெட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன், சொல்லிட்டேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். அந்தப் பேச்சு ஜெயம்மாளின் மனசில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

நேற்றுச் சாயங்காலம் உத்திரமேரூர் ஏரிக்கரையோரம் இந்தக் களத்தில் வந்து நின்றார்கள். களத்தில் நெல் வைத்திருந்த பாண்டுரங்கன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா, ஷூட்டிங் வண்டியா? உள்ள எந்த ஹீரோயின் கீது?"

ஜெயம்மாள் தலையை நீட்டினாள். "இதான் கீது" என்றார் வேதகிரி. களமே சிரித்தது. நெல்லுக்குக் காவல் இருந்த முனியம்மாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு அவளே ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பால் ஊற்றிக் கொண்டுவந்து, "உங்க வூட்டு மவராணிக்கு" என்று நீட்டினாள்.

பாண்டுரங்கன் ஓரமாக வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். "பூனைய மட்டும் களத்துல எறக்காதீங்க. நெல்லு கொள்மொதலுக்குப் போற வரிக்கும் சுத்தமா இருக்கணும்." "கட்டித்தான் போட்டு கீது. அதும் காலு தரையில படாது" என்று வேதகிரி வாக்குக் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் பாண்டுரங்கன் முறத்தில் சாம்பல் எடுத்துக்கொண்டு, குவியலைத் தானே சுற்றி வந்து, சரிவின் மேல் கோடு போட்டார். காலையில் அவரே வந்து கலைக்கும்வரை யார் கை வைத்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

விடியுமுன் மிளகு அழுதது. அது வெளிக்குப் போவதற்கு வைத்திருந்த மணல் தட்டு நாறிப்போயிருந்தது. பாவமாக இருந்ததால் ஜெயம்மாள்தான் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு நிமிஷம், மண்ணைப் பறித்துவிட்டு வந்துவிடும் என்று நினைத்தாள். பூனைக்கு மண் எது, நெல் எது? நீங்களே சொல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் பாண்டுரங்கன் வந்துவிட்டார்.

"இன்னா முனிமா, கோடு கலைஞ்சி கீது?"

"எங்க நைனா?" முனியம்மாள் ஓடிவந்து குனிந்து பார்த்தாள். "ராவெல்லாம் இங்கியேதான் படுத்துங்கெடந்தேன். விடிகாலம் ஏரியாண்ட போய்ட்டு வந்தேன். அவ்ளோதான்."

"போறப்ப மடியில இன்னா இருந்துச்சி?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார். முனியம்மாள் மடியை அவிழ்த்து உதறினாள். வெற்றிலைக் காம்பும் பாக்குத்தூளும் விழுந்தன. பாண்டுரங்கன் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க இங்கியேதான இருந்தீங்க? எதுனா பாத்தீங்களா?"

படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வேதகிரியும் அவளைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால், தலையணைமேல், மிளகு சுத்தமான கால்களோடு சுருண்டு கிடந்தது.

"தூங்கிட்டேங்க" என்றாள் ஜெயம்மாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"சூடம் கொண்டாங்க நைனா" என்றாள் முனியம்மாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றார் பாண்டுரங்கன். ஆனாலும் பூஜைக்கு வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முனியம்மாள் ஒரு செங்கல்லின் மேல் சூடத்தை வைத்து ஏற்றினாள். "நான் ஒரு மணி தொட்டிருந்தா என் கண்ணு அவியட்டும்" என்று, எரிகிற சூடத்தின் மேல் வலது கையை ஓங்கி அடித்தாள். அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஜெயம்மாள் படியிலிருந்து இறங்கினாள். "பூனைங்க. எங்க பூனைதான். நான்தான் அவுத்து வுட்டேன்."

பாண்டுரங்கன் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, பூனையா! இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாம்மா? முனிமா, அந்த எடத்துல ஒரு மொறம் வாரிக் கோழிக்குப் போட்டுடு." வேதகிரி, "திருட்டுக் கயிதை" என்று பூனையைத் திட்டிவிட்டு டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான். சந்தையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

ஜெயம்மாள் அங்கேயே நின்றாள். மலையாக நினைத்துப் பயந்தது பதர்போலப் பறந்துவிட்டது. யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இவ்வளவு லேசான ஒரு வார்த்தையைக் கொஞ்சம் முன்னால் சொல்ல வாய் வரவில்லையே. முனியம்மாளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் உதறிய மடியைச் செருகிக்கொண்டு, இடது கையால் முறத்தைப் பிடித்து நெல் வாரினாள்.

புறப்படும்போது ஜெயம்மாள் கொட்டாங்கச்சியைக் கழுவி எடுத்துக்கொண்டு களத்தைத் தாண்டிப் போனாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் சேர்த்துவைத்தவள், எதிரே போய் நின்றதும் கொட்டாங்கச்சியை முந்தானையால் இன்னொரு தரம் துடைத்தாள்.

"இன்னாத்துக்கும்மா கய்வின? தேங்கா ஓடுதான" என்றாள் முனியம்மாள், முகத்தைப் பார்க்காமல்.

வாங்கிக்கொள்ள இடது கையை நீட்டினாள். இடது கையால் வாங்குவது மரியாதை இல்லையென்று தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று இழுத்துக்கொண்டு, வலது கையை முந்தானையில் ஒற்றி எடுத்து நீட்டினாள். உள்ளங்கையின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம். அதன் ஓரம் நீர் கோத்து வெயிலில் பளபளத்தது.

பின்னால் வேதகிரி வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தார். ஜெயம்மாள் கொட்டாங்கச்சியைப் பிடித்தபடியே நின்றாள். நீட்டிய கையும் அப்படியே நின்றது.