முதல் மனுதாரரின் பொன்னி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மழை பெய்தாலும் வக்கீல் வேண்டும், பெய்யாவிட்டாலும் வக்கீல் வேண்டும் என்பது கண்ணையனின் தீராத எரிச்சல். அப்படிப்பட்டவரே கோர்ட்டில் முதல் மனுதாரர். மூன்று வருடமாக, கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டி, செலியமேட்டு வயல்கள் முழுகின. வானிலை மாறிவிட்டது, வடிகாலை அகலப்படுத்துவோம் என்று அரசாங்கமே திட்டம் எழுதி அலமாரியில் வைத்துவிட்டது. அதை எடுத்துச் செய்ய உத்தரவு கேட்டு, ஊர்ப் பெண் வக்கீல் வெண்ணிலா போட்ட வழக்கில்தான் அவர் கைநாட்டு வைத்திருந்தார்.

நிலத்தைப் பார்த்துவர கோர்ட் அனுப்பிய கமிஷனர் அம்மாள் தை மாதத்தில் வந்து இறங்கினார். அங்கேதான் வம்பு. இந்த வருடம் மழை ஒழுங்காகப் பெய்து தொலைத்து, கண்ணையனின் பொன்னி நெல் சாண் நீளக் கதிரோடு தலைசாய்ந்து நின்றது.

"பெரிப்பா, வடிகாலை மட்டும் காட்டுங்க. உங்க கழனிப் பக்கம் இட்டுனு போயிடாதீங்க," என்று வெண்ணிலா காதைக் கடித்திருந்தாள்.

அதில் அவருக்குக் கஷ்டமில்லை. அமோகமாக விளைந்த வருடத்திலும், கண் படாமலிருக்க, "ஏதோ கீது," என்று சொல்லிப் பழகிய வாய். வடிகால் கரையில் நின்று, வெள்ளம் நின்ற உயரத்தை இடுப்பில் தொட்டுக் காட்டினார். பிறகு மார்பில். கமிஷனர் எழுத எழுதக் கழுத்துக்கே ஏறிவிட்டது.

கூடவே வந்திருந்த அரசு வக்கீல் ராஜ்மோகன் சிரித்தார். "மேடம், சும்மா வானிலை மேல பழி போடறாங்க. இவருக்கு வெவசாயமே தெரியாது. காலத்துல நடலன்னா பயிர் முழுகத்தான் செய்யும்."

கண்ணையனின் காது மடல் துடித்தது. "இன்னா சொன்ன? எனக்கா? கழனில எறங்கி அறுவது வருஷம் ஆவுதுய்யா. வா, வந்து பாரு!"

"பெரிப்பா!" என்று வெண்ணிலா இழுத்த துண்டு அவள் கையோடு நின்றுவிட்டது. வரப்பில் அவர் ஓட, செருப்பைக் கையில் பிடித்தபடி கமிஷனரும் ஓடினார். கண்ணையன் ஒரு கதிரை உருவி ராஜ்மோகனின் உள்ளங்கையில் கொட்டினார். "ஒரு பதர் காட்டு, பாக்கலாம்."

"நஷ்டமே இல்லன்னு எழுதிக்குங்க மேடம்," என்றார் ராஜ்மோகன் குஷியாக. வெண்ணிலா தலையில் கை வைத்தாள்.

கமிஷனர் ஒரு நெல்லை நகத்தால் கீறிப் பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சவரு, போன மூணு வருஷமும் ஏன் பெரியவரே கோட்டை வுட்டீங்க?"

"அதே ஆளு, அதே வெத, அதே பட்டத்துலதான் நட்டேன். மழைதாம்மா வேற."

கமிஷனர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கையிலிருந்த நெல்லை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார் ராஜ்மோகன்.

"பெரிப்பா, அவரு வாதமே போச்சு! கண்டிப்பா உத்தரவு வரும்," என்று குதித்தாள் வெண்ணிலா.

"வரட்டும். மழை இன்னா அதைப் படிச்சிட்டா பெய்யப் போவுது?"

அவர் பாட்டுக்கு நடந்தார். ஊர்த் தண்ணீர் முழுக்க வடிய வேண்டிய அந்த வடிகாலை, எழுபத்துநாலு வயதில், வேட்டி நனையாமல் ஒரே எட்டில் தாண்டினார்.