முழங்கையால் மூடும் குழாய்

கீழ் வீட்டு வாத்தியார் மாடியேறி வந்து கதவைத் தட்டியபோது சின்னு வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மெத்தை நனைந்துவிட்டது, மேலே எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சின்னு கூனிக் குறுகிப் போனாள்.

குளியலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சோப்புத்துண்டு உருண்டு போய் வாஷ்பேசினின் ஓட்டையை அடைத்திருந்தது. அக்கா கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து, ஈரக் கைகள் இரண்டையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் தண்ணீர் என்பது அவள் கவனத்திலேயே இல்லை.

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்சாக இருந்தவள். அம்மா போனபோது சின்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, படிக்க வைத்து, கல்யாணமும் பண்ணி வைத்தவள் அக்காதான். அந்தக் கல்யாணம் சரிப்பட்டு வராமல் சின்னு பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டவளும் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி அக்கா பேசியதே இல்லை. யாராவது கேட்டால், தியேட்டரில் தினமும் நாலு ஆம்பளைகளை மயக்கிப் படுக்க வைக்கிறேன், அதுவே போதும் என்று சிரிப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் வீட்டுக்கு வரும் வழி, அப்புறம் ஆட்களின் முகம். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கினார். சின்னு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். கண்ணாடிக் கடை வேலையை அரைநாளாக மாற்றிக்கொண்டாள். கிளம்பும்போது கேஸை மூடி, கத்திகளைப் பூட்டி வைத்து, வெளிக்கதவையும் பூட்டிவிட்டுப் போவாள்.

இத்தனை போன பிறகும் அக்காவிடம் ஒன்று மட்டும் போகாமல் இருந்தது. கை கழுவுவது. நைட்டியில் பொத்தானை மாற்றிப் போடுகிறவள், வாஷ்பேசின் முன்னால் நின்றால் பழைய ஆளாகிவிடுவாள். முதுகு நிமிரும். நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு என்று ஒன்றையும் விடாமல் தேய்த்து, நுரை முழங்கைப் பக்கம் இறங்கும்படி கைகளை உயர்த்தி அலசுவாள். கடைசியில் முழங்கையால் ஒரு தட்டு. குழாய் மூடிக்கொள்ளும். அதற்காகவே ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல நீளக் கைப்பிடி வைத்த குழாயை அவளே தேடி வாங்கிப் போட்டிருந்தாள். சின்னு சில நாள் குளியலறை வாசற்படியில் நின்று அதைப் பார்ப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று தோன்றும்.

இப்போது அந்தக் கடைசித் தட்டுதான் சில நாள் குறி தவறிவிடுகிறது. கைப்பிடியைப் பட்டும் படாமலும் உரசிவிட்டு அக்கா திரும்பிவிடுகிறாள். வாத்தியார் வீட்டு மெத்தை நனைந்தது இது முதல் தடவையும் அல்ல.

மறுநாளே சின்னு கடைக்குப் போனாள். கையை நீட்டினால் தண்ணீர் வரும், எடுத்தால் நின்றுவிடும், தொடவே வேண்டாம் என்று கடைக்காரர் செய்து காட்டினார். பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இதுதான் என்று அவர் சொன்னதும் சின்னுவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அக்காவுக்கென்றே செய்த பொருள் என்று நினைத்து வாங்கி வந்தாள்.

பொருத்த வந்த பிளம்பர் வாய் ஓயாத மனிதர். வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டியபடியே தன் மாமியார் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னார். பழைய குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். புதியதை ஓட்டையில் இறக்கி, அடியிலிருந்து முறுக்கி, தண்ணீர்க் குழலை மாட்டி, பேட்டரிப் பெட்டியைச் சுவரில் திருகினார். வால்வைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினார். ஒன்றும் வரவில்லை. பேட்டரியை மாற்றிப் போட்டார், மறுபடி நீட்டினார், கடைக்காரனைத் திட்டினார். சின்னு குனிந்து பார்த்தபோது குழாயில் கையை உணரும் கண்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதை உரித்ததும் தண்ணீர் கொட்டியது.

"கண்ணைக் கட்டி விட்டுட்டு, தெரியலையான்னு கேட்டா அது என்னம்மா பண்ணும்?" என்றார் பிளம்பர், தப்பு முழுக்கக் குழாயின் மேல்தான் என்பதுபோல. சின்னுவும் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது.

பழைய குழாயை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று அவர் கேட்டார். அது கிடக்கட்டும் என்று சின்னு வாங்கிப் பரணில் போட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா கை கழுவப் போனாள். கைப்பிடி இருந்த இடத்தை நோக்கி அவள் கை தானாகப் போனது. அங்கே வெறும் காற்று. மறுபடி துழாவினாள். விரல் குறுக்கே பட்டதும் தண்ணீர் சட்டென்று பாய, அக்கா கையை இழுத்துக்கொண்டாள். தண்ணீர் நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு தொறந்து விடறது?"

"யாரும் இல்லக்கா. அதுவே வரும். கையை நீட்டு."

சின்னு அவள் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினாள். அக்கா ஒருவழியாகச் சோப்பு போட்டாள், தேய்த்தாள், அலசினாள். பிறகு முழங்கையால் தட்டினாள். முழங்கை காற்றில் போய் வந்தது. இன்னொரு தட்டு. அதுவும் காற்றில். அக்கா குழாயைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மறுபடி சோப்பை எடுத்தாள்.

தட்டினால்தான் கழுவி முடிந்ததாக அர்த்தம் என்பது சின்னுவுக்கு அப்போது உறைக்கவில்லை. தண்ணீர் தானாக நின்றுபோனதால், அக்காவைப் பொறுத்தவரை எதுவுமே முடியவில்லை. மறுபடி நகக்கண்ணிலிருந்து ஆரம்பித்தாள். சின்னு போய்த் துண்டைப் போட்டு அவளை இழுத்து வரும்வரை நிற்கவில்லை.

நாளடைவில் இது பெரிய பாடாகிவிட்டது. சின்னு வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் அக்கா அங்கேயே நின்றாள். கூரை சொட்டவில்லை, வாத்தியார் வீட்டில் நிம்மதி. இங்கே அக்காவின் கைகள் சிவந்து, தோல் வெடித்து, விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. சின்னு சோப்பை ஒளித்து வைத்தாள். அக்கா சோப்பில்லாமலே தேய்த்தாள். எண்ணெய் தடவிவிட்டால் அதையும் கழுவப் போனாள். ஒருநாள் சின்னு பொறுமை இழந்து, அவள் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்திவிட்டாள். அக்கா கைகளை உயர்த்தியபடியே நின்று அழுதாள்.

"உள்ள பேஷண்ட்டைத் தூங்க வச்சுட்டாங்க. எனக்கு இன்னும் கை முடியல."

சின்னு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாம் நல்லது என்று நினைத்து, அவளிடம் மிச்சம் இருந்ததையும் நம் கையாலேயே பிடுங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிளம்பரைத் திரும்பக் கூப்பிட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். நன்றாக ஓடுகிற குழாயை யாராவது கழற்றுவார்களா என்றார். சின்னு பழையதையே போடச் சொன்னாள். வேலைக்குப் போகும்போது அடி வால்வையே மூடிவிட்டுப் போகலாம், வந்து திறந்துகொள்ளலாம். வாளியில் தண்ணீர் வைத்துவிட்டால் ஆயிற்று. முதலிலேயே இது தோன்றியிருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டாள். பிளம்பர் பரணிலிருந்து இறக்கிய குழாயைத் துடைத்து, புது வாஷர் போட்டு, பழைய இடத்தில் நிறுத்தினார். நீளக் கைப்பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

அக்காவைக் கூட்டிவந்து நிறுத்தினாள். தான் வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

அக்கா கைகள் இரண்டையும் குழாய்க்கு அடியில் நீட்டினாள். நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

கைப்பிடி அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை. தண்ணீர் வராததைக் கண்டு கையை எடுத்துவிட்டு மறுபடி நீட்டினாள், சின்னு சொல்லிக் கொடுத்த மாதிரியே. முதல் நாள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்த பாடம், வேண்டாத நேரத்தில் ஏறியிருந்தது. பழையது இறங்கிப் போயிருந்தது.

சின்னு ஓடிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அக்காவின் முழங்கையைத் தன் கையில் எடுத்து, கைப்பிடியில் வைத்து, தட்டிக் காட்டினாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிளம்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கை சின்னு விட்ட இடத்தில் தொங்கியது. பிளம்பர் அன்று மாமியார் கதை சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரிடம் சொன்னபோது, குழாயை மாற்றாமல் இருந்திருந்தாலும் இது இன்றோ நாளையோ போகக்கூடியதுதான், உங்கள் மேல் தப்பில்லை என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள் சின்னு. நாக்குக்குத்தான் பழகியது, மனதுக்குப் பழகவில்லை.

புதுக் குழாயை வாத்தியார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு வாங்கிக்கொண்ட அவர், பிறகு பார்க்கும்போதெல்லாம் அது எவ்வளவு வசதி என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

இப்போதெல்லாம் காலையில் சின்னுதான் அக்காவைக் கை கழுவ வைக்கிறாள். பின்னால் நின்று, இரண்டு பக்கமும் கையை விட்டு, அக்காவின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்க்கிறாள். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அவளுக்கும் வரிசை மனப்பாடம். தோல் ஆறிவிட்டது. அக்கா எதிர்ப்பதில்லை, உதவுவதும் இல்லை.

ஒருநாள் அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா கண்ணாடியில் சின்னுவின் முகத்தைக் கவனித்தாள். மரியாதையாக, வெளி ஆளிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"நீங்க இங்க புதுசா?"

சின்னு அக்காவின் விரலிடுக்கைத் தேய்த்தாள். "ஆமா, புதுசுதான்" என்றாள்.

"கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு அக்கா இருக்காங்க."

"உங்கள நல்லாப் பாத்துக்குவாங்களா?"

"ரொம்ப நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள் சின்னு. அக்கா திருப்திப்பட்டதுபோலத் தலையசைத்துவிட்டுக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். சின்னு தண்ணீரை மூடினாள். துண்டை எடுத்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைத்து, கூடத்துக்குக் கூட்டிப்போய் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள். கடைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டிருந்தது. இருந்தாலும் அவளும் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.